திரைக்கு வெளியே ஒரு ‘வேண்டாம்’

காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டில், காதல் கதைக்கென்றே சொல்லிவைத்தாற்போல் பெய்துகொண்டிருந்தது மழை... ஆனால் ஒதுங்கி நின்ற பெண்ணின் கண்களில் கவிதை இல்லை. கோபம்தான் இருந்தது. அவ்வளவும் எதிரே தொங்கிய பிளெக்ஸ் மீது.

அதில் சங்கத் தலைவர் வீரபாண்டியன் கைகூப்பியபடி நனைந்துகொண்டிருந்தார். ‘நம் சமூகத்தின் வரன் தேடும் இணையதளம். உலகின் எந்தப் போனிலும் இயங்கும்.’ உலகம் என்று அவர் சொன்னது அமராவதிபுதூரிலிருந்து சிங்கம்புணரி வரை. மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள், தளத்தைச் செய்துகொடுத்த பொறியாளர் சிவபிரகாஷ் சிரித்துக்கொண்டிருந்தான்.

அதே சிவபிரகாஷ் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றான். அவள் வட்டத்தைப் பார்த்தாள்... அவனைப் பார்த்தாள்... மறுபடி வட்டம்.

“இது நீங்கதானே?”

அந்தக் கண்களை விட்டு அவன் பார்வை நகரவில்லை. புகழ் பரவிவிட்டது என்று நினைத்துத் தலையைக் கோதிக்கொண்டான்.

“பிடிக்காத மாப்பிள்ளைக்கு என்னையக் கட்டிவைக்கப் பாக்குறீக. நல்லா இருப்பீக.”

அவள் பெயர் தீபலட்சுமி. ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையில் பில் போடுகிறாள். அப்பா அவளைத் தளத்தில் பதிந்திருந்தார். தலைவரின் மகன் நாகநாதன் பெயரில் விருப்பம் வந்தது. அவளுடைய பழைய சின்னப் போனில் பச்சையாக ‘சம்மதம்’ என்ற பொத்தான் மட்டும் தெரிந்தது. ‘வேண்டாம்’ எங்கே தேய்த்தாலும் கிடைக்கவில்லை.

ஒரு வாரம் பதில் இல்லையென்றால் சம்மதம் என்று தளமே முடிவு கட்டிவிடும். அது வீரபாண்டியன் போட்ட விதி. “நம்ம பொண்ணுக வாயத் தொறந்து சொல்லுமாப்பா? பேசாம இருந்தாச் சரின்னு எடுத்துக்க வேண்டியதுதான்” என்று அவர் சொன்னபோது, தலையை ஆட்டி அதை அப்படியே தளத்தில் ஏற்றியவன் சிவபிரகாஷ். தோழி யோகலட்சுமியின் பெரிய போனில் சிவப்பாக ‘வேண்டாம்’ பொத்தான் தெரிந்தபோது கெடு முடிந்திருந்தது. வரும் ஞாயிறு சங்க மண்டபத்தில் பூ வைக்கிறார்கள், தளம் செய்தவனுக்குப் பொன்னாடையும் போர்த்துகிறார்கள். உலகம் பூரா ஓடுவது உனக்கு மட்டும் ஓடவில்லையா என்கிறார் அப்பா.

“முன்னாடியே வேற போன்ல பாத்திருக்கலாம்ல...” என்று இழுத்தான்.

“நீங்களும் பாத்திருக்கலாம்ல?”

தளம் முடிந்த அன்று அவன் தன் பெரிய போனில் பார்த்தான், அழகாக இருந்தது, சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அத்தோடு சோதனை முடிந்தது.

ஆத்தங்குடி பஸ் வந்தது. ஏறும்போது திரும்பிப் பார்த்தாள்... “ஞாயித்துக்கெழம வந்துருங்க. ஒங்களுக்குத்தான பொன்னாடை?”

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீ மாஸ்டர், ஆட்டோக்காரர், பூக்காரம்மா என்று கண்டவர்களிடமெல்லாம் போன் இரவல் கேட்டான். சின்னப் போன் எல்லாவற்றிலும் ‘வேண்டாம்’ திரையின் ஓரத்தைத் தாண்டிப் போயிருந்தது. எல்லாத் திரையிலும் அந்தக் கண்கள் மட்டும் பிசகாமல் தெரிந்தன... தலைவரிடம் சொன்னான். சங்கத்துக்கு அசிங்கம், ஞாயிறு கழித்து ரகசியமாகச் சரிசெய் என்றார். அவனுக்கும் பொன்னாடை ஆசை இருந்தது. சட்டைகூடத் தேய்த்து வைத்தாகிவிட்டது.

ஞாயிறு. சங்க மண்டபம். அவன் தோளில் பொன்னாடை விழுந்தது. தளம் கூட்டிவைத்த முதல் ஜோடி என்று வீரபாண்டியன் மைக்கில் முழங்க, தீபலட்சுமி எழுந்துபோய்த் தன் போனை அவர் கையில் கொடுத்தாள்.

“மாமா, இதுல வேண்டாம்ங்கிறத அமுக்கிக் காட்டுங்க.”

தலைவர் கண்ணாடி மாட்டினார். மேலே தேய்த்தார், கீழே தேய்த்தார். போனைப் படுக்கப் போட்டார், தானும் சாய்ந்தார். கடைசியில் போன் சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

சிவபிரகாஷ் பொன்னாடையோடு மைக்குக்கு வந்தான்.

“போன் நல்லாத்தான் இருக்கு மாமா. நான் செஞ்சதுதான் சரியில்ல. அந்தப் பொண்ணு சம்மதம் சொல்லல... சொல்ல நான் வழி வைக்கல.”

பின்வரிசையிலிருந்து நாகநாதன் மெல்ல எழுந்தான்.

“விருப்பம்னு நானும் அமுக்கலங்க. அப்பாதான் அமுக்குனாக.”

பூத்தட்டு உள்ளே போனது. பொன்னாடையையும் மடித்து வாங்கிக்கொண்டார்கள்.

சில வாரங்கள் கழித்து, அதே பஸ் ஸ்டாண்டு, அதே மழை. பிளெக்ஸில் வட்டம் இருந்த இடத்தில் வெள்ளைக் காகிதம். நிழற்குடைக்குள் தீபலட்சுமி. சிவபிரகாஷ் வெளியே நனைந்தபடி தவித்துக்கொண்டிருந்தான்.

“எம்பேர்ல ஒரு விருப்பம் வந்திருக்குமே...”

“வந்துச்சு.”

“விதிய மாத்திட்டேன். பதில் இல்லன்னா இப்ப வேண்டாம்னு அர்த்தம். கெடு இன்னியோட முடியுது...” முகத்து மழையை வழித்துக்கொண்டான். “எனக்கு ஒங்களப் பிடிச்சிருக்குங்க. பிடிக்கலன்னா செவப்பு அமுக்கிருங்க. ஒங்க போன்ல நல்லாத் தெரியும்.”

“தெரியுது. தெனமும் அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்...” குனிந்துகொண்டாள். இமையோரம் ஒரு துளி... மழையாகத்தான் இருக்க வேண்டும்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து எதையோ அமுக்கினாள். அவன் பையில் போன் அதிர்ந்தது.

பதறி எடுத்தான். விரல் ஈரம், திரை ஈரம். தேய்த்தான், துடைத்தான்... உலகின் எந்தப் போனிலும் இப்போது நிஜமாகவே இயங்கிய அந்தத் தளம், அவனுடைய பெரிய போனில் மட்டும் திறக்க மறுத்தது. பஸ் நகர்ந்தது. போனைத் தூக்கிப் பிடித்தபடி பக்கவாட்டில் ஓடினான்.

ஜன்னல் வழியே அவள் தலை நீட்டினாள்.

“ஓடாதீக... பச்சைதான்.”