மூடுகிற வீட்டுப் பெண்

நீலத் துணி ஒரு சாண் குறைந்தது.

ஜான்சி முதலில் தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். அவசரத்தில் கோணலாகப் போட்டிருப்பாள், வேறென்ன? இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் பெட்டியின் மூலை தெரிந்தது. அந்தப் பக்கம் இழுத்தால் இந்தப் பக்கம் ஏறிக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்னால் அவளே அளவெடுத்துத் தைத்த துணி, நாலு பக்கமும் தரையில் புரளும். நனைந்த துணி இப்படியா சுருங்கும்?

கடலூரில் சபை நடத்தும் அவள் அப்பா, போதகர் சிங்காரம், வேதத்தில் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் கடவுளுக்குப் போட்ட ஆசரிப்புக் கூடாரம் போலவே ஒன்று செய்து வருஷா வருஷம் ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுத்துவார். இந்த வருஷம் சிதம்பரம் தாண்டி, குமராட்சி போகிற சாலையோரத்தில் ஒரு தரிசு நிலம். அந்தக் காலத்தில் கூடாரத்தைச் சுமந்த லேவியருடைய வம்சங்களுக்கு ஆளுக்கொரு வேலை இருந்த மாதிரி, சபைக் குடும்பங்களுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார். திரை மடிக்க ஒரு வீடு, பலகை கழற்ற ஒரு வீடு, உள்ளே இருக்கிற உடன்படிக்கைப் பெட்டியைத் தோளில் தூக்க ஒரு வீடு. பெட்டியை மூடுவது மட்டும் போதகர் வீடு. மூடி முடிக்கும்வரை தூக்குகிறவர்கள் வெளியே முதுகைக் காட்டி நிற்க வேண்டும், பார்த்தால் சாவு. விளையாட்டு மாதிரி ஆரம்பித்ததுதான். போன வருஷம் பலகை வீட்டுக் கொளஞ்சியப்பன் திரைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, லாரியில் ஏறுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தான். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

இன்றைக்கு அப்பா காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மத்தியானத்திலிருந்து கொட்டுகிற மழையில் சாயங்காலமே இருட்டிவிட்டது. கொள்ளிடத்துத் தண்ணீர் வேறு வயலைத் தாண்டி ஏறி வந்துகொண்டிருந்தது. "நீ ஐயா பொண்ணுதானம்மா, நீயே மூடிடு, வேற யாரு இருக்காங்க?" என்றார் அவள் புருஷனின் சித்தப்பா கண்ணாயிரம். அவளும் பெருமையாகத்தான் உள்ளே வந்தாள். ஆனால் புருஷன் விஜயகுமார் தூக்குகிற வீடு. கட்டிக்கொடுத்த பெண் எந்த வீட்டோடு சேர்த்தி? அதை அந்த நேரத்தில் ஒருத்தரும் யோசிக்கவில்லை, பாவி, அவளும் யோசிக்கவில்லை.

தார்ப்பாய்க் கூரையில் மழை சடசடவென்று அடிக்க, ஈரத் துணியின் புழுக்க நாற்றத்தோடு சாம்பிராணிப் புகை தொண்டையைக் கரித்தது. அதற்கெல்லாம் அடியில், அண்ணாகிராமத்தில் அறுத்து எத்தனையோ வருஷமான பெட்டியின் பலாப் பலகையிலிருந்து பச்சைப் பால் வாசனை கிளம்பி வந்தது.

"ஜான்சி, மூடிட்டியா?" விஜயகுமாரின் குரல்.

"இருங்க மாமா! வராதீங்க!"

"சீக்கிரம்டீ, தண்ணி முட்டிக்கு வந்துடுச்சு."

அவள் குனிந்து துணியை இழுத்தாள். இப்போது முழங்கால் அளவு குறைந்தது. துணி சுருங்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டிதான் வளர்ந்துகொண்டிருந்தது.

உள்ளே ஏதோ உரசியது. வெகுநேரம் குந்தியிருந்த ஆள் கால் மாற்றி உட்காருகிற சத்தம். காலிப் பெட்டி அது. காலையில் அவளே துடைத்தாள். கர்த்தாவே, அவரு மட்டும் உள்ள வரக்கூடாது. நான் பாத்தது பாத்துட்டேன். அவரு பாக்கக்கூடாது.

"மூடியாச்சு மாமா, வாங்க."

அவள் குரல்தான். அச்சு அசல்.

அவள் வாய் மூடியிருந்தது.

தண்ணீரில் சளக் சளக்கென்று காலடி. வராதீங்க என்று கத்தப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. திரை அசைந்தது. அவன் விரல்கள் தெரிந்தன. அவள் துணியை உருவினாள். ஓடினாள். திரை விலகுவதற்குள் அவன் தலைமேல் போட்டாள். இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"என்னாடீ இது?" துணிக்குள் சிரித்தான்.

பார்க்கவில்லை. அவன் பார்க்கவில்லை. அவன் மார்பில் முகத்தைப் புதைத்து அழுதாள். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

சிரிப்பு நின்றது.

கைக்குள் இருந்த தோள் இறங்கியது. இன்னும் இறங்கியது. வளைவாக இருந்த இடம் விளிம்பாக அவள் கன்னத்தில் குத்தியது. கையை எடுத்தாள். துணிக்குள் தலை இல்லை. நாலு மூலையும் நறுக்கென்று நின்றன. திரும்பிப் பார்த்தாள். பெட்டி இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும்.

கண்ணாயிரமும் மற்ற இரண்டு பேரும் தடிகளோடு உள்ளே வந்தார்கள். "பரவால்லியே, நல்லா மூடியிருக்கியே. விஜி எங்க?"

"அவரு முன்னாடியே லாரிக்குப் போயிட்டாரு" என்றது அவள் குரல்.

"வூட்டு ஆளுங்க தோள் நாலு வேணும். நீயும் இப்ப எங்க வூடுதானம்மா. புடி."

தடியைத் தோளில் வைத்தார்கள். தூக்கினார்கள். யப்பா, என்னா கனம் என்றார் ஒருவர். தோளெலும்பில் பதிந்திருந்த தடி வழியாக, மழைச் சத்தத்துக்கு நடுவில், அவன் நெஞ்சு வேகமாக அடித்துக்கொள்வது அவளுக்குக் கேட்டது.