வால்நட் மரத்து நிறுத்தம்

மறுபடியும் அதே இடத்தில்தான் கழி கம்பியை விட்டது.

வால்நட் மரத்தடி வளைவு. வண்டி அதற்குள் நுழைகிறவரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. தலைக்கு மேலே செம்புக் கம்பியில் உருளை சீறிக்கொண்டு போனது, சக்கரம் தண்டவாளத்தை உரசிக் கிறீச்சிட்டது, கட்டைகளில் ஊறிய தார் எண்ணெய் நவம்பர் வெயிலின் கடைசிச் சூட்டில் நாறியது. பிறகு சட்டென்று மோட்டார் அடங்கி, விளக்கு அணைந்து, வண்டி தன் கனத்தில் கொஞ்சம் உருண்டு மரத்துக்கு நேரே நின்றது. எமில் ஹுடாக் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு அதையே ஸ்லோவாக் மொழியிலும் சொன்னார்.

இறங்கிப் பின்பக்கம் போய்ப் பார்த்தார். கூரைமேல் கம்பியைத் தொட்டுக் கரண்ட் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்க வேண்டிய கழி, கீழே மடங்கி, கூரைக் கொக்கியில் ஒழுங்காக மாட்டிக் கிடந்தது. அதிலிருந்து தொங்கும் கயிறு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

கம்பியை இழுத்துக் கட்டியாயிற்று. உருளையை ராவியாயிற்று. ஸ்பிரிங்கை மாற்றியாயிற்று. வளைவில் தண்டவாளத்தைப் பிடுங்கித் திரும்பப் போட்டாயிற்று. முதுகு ஒடிந்ததுதான் மிச்சம். ஆலையில் நாற்பது வருடம் கிரேன் பழுது பார்த்தவர் அவர். எந்த இயந்திரமும் இப்படி அவர் முகத்தில் துப்பியதில்லை.

வண்டி அவர் கையால் கட்டியது. எதிரெதிரே இரண்டு பெஞ்சு, மேலே தகரக் கூரை, பக்கவாட்டில் ஒன்றும் கிடையாது. மோட்டார், மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தது. தண்டவாளமும் அங்கிருந்துதான். கழி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கன்ட்ரோலர், டிரைவர் காலால் மிதித்து அடிக்கிற மணி, கண்டக்டர் கயிறு இழுத்து அடிக்கிற மணி, இவையெல்லாம் ஒரு கோழிக்கூண்டிலிருந்து வந்தவை. பள்ளத்தாக்கில் ட்ராம் நின்றபோது கம்பெனிக்காரன் பழைய வண்டிகளைக் குடியானவர்களுக்குத் தள்ளிவிட்டான். ஒருத்தன் அதில் கோழி வளர்த்தான். எமில் போய்ப் பார்த்தபோது வண்டியின் முன்பாதி முழுக்க எச்சமும் இறகும். பின்பாதியில் போட்ட வைக்கோல் போட்டபடியே மஞ்சளாக இருந்தது. கோழி அந்தப் பக்கம் போகாதாம். விலை ஏற்றுவதற்குக் கதை விடுகிறான் என்று எமில் நினைத்தார். அவர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை.

பாதையும் புதிது இல்லை. அவர் வீட்டுக்குப் பின்னால் சரிவில் பழைய ட்ராம் ஓடிய மண்மேடு அப்படியே கிடந்தது. ஓடைவரை இறங்கி, பாலம் இருந்த இடத்தில் அறுந்து, அக்கரையில் மறுபடி ஏறிக் காட்டுக்குள் போகும். வெட்டிச் சமப்படுத்தும் வேலை மிச்சம் என்று அதன்மேலேயே தண்டவாளம் போட்டார். ஓடைக்கு முன்னால் இரண்டு கட்டைகளைக் குறுக்கே அடித்து முடித்துக்கொண்டார்.

எல்லாம் மனைவி வெர்னாவுக்காக.

சமையலறையில் முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதங்குகிற வாசனை வந்தது. வெர்னா அடுப்புக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தபடியே கிளறிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக முழங்கால் போய்விட்டது. மேஜையைப் பிடிக்காமல் நிற்க முடியாது.

"என்ன, உன் ரயிலு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிச்சா?"

"அது ரயில் இல்ல. ட்ராம்."

"ஓடாத வண்டிக்குப் பேரு என்னவா இருந்தா என்ன கிழவா?"

எமில் கையைக் கழுவினார். கிரீஸ் போகவில்லை.

"உன் பொண்ணு கரோல் போன் பண்ணா," என்றாள் வெர்னா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "புதன்கிழமை ராத்திரி வர்றாளாம். பண்டிகைக்கு வான்கோழி அவளே வாங்கிட்டு வர்றாளாம். கிளீவ்லண்ட்ல எனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்காளாம். மாடிப்படி இல்லாத வீடு."

"நீ என்ன சொன்னே?"

"நான்தான் உன்கிட்ட சொல்லிட்டேனே. அந்த ஓடைக்கரைக்குப் போய் ஒரு தடவை உக்காந்துட்டு வர முடிஞ்சா இங்கயே கிடக்குறேன். இந்த ஜன்னலையே பாத்துக்கிட்டு இன்னொரு குளிர்காலம் என்னால ஆகாது எமில். போயிடுவேன்."

அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

மறுநாள் ரஸ் பிட்னர் வந்தார். பக்கத்துத் தெரு. அந்தப் பாதையில் உண்மையான ட்ராம் ஓட்டியவர். கூப்பிட எமிலுக்கு மனமே இல்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. ரஸ் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"கண்ணுக்கு லட்சணமாத்தான் இருக்கு. கக்கூஸுக்குச் சக்கரம் வெச்ச மாதிரி."

"ஏறுறியா, இல்ல வீட்டுக்குப் போறியா?"

ரஸ் ஏறினார். எமில் பித்தளைக் கைப்பிடியைக் கன்ட்ரோலரில் செருகி, காலால் மணியை இரண்டு தடவை தட்டி, கைப்பிடியை ஒரு படி திருப்பினார். வண்டி நகர்ந்தது.

"யாருக்குடா பதில் சொல்றே?" என்றார் ரஸ்.

"என்னது?"

"ரெண்டு தட்டு தட்டினியே. எல்லாரும் ஏறியாச்சு, போலாம்னு கண்டக்டர் பின்னாலேருந்து ரெண்டு மணி அடிப்பான். டிரைவர் கால்ல ரெண்டு தட்டி, சரி, போறேன்னு திருப்பிச் சொல்லுவான். நீ பாட்டுக்குப் பதிலை மட்டும் சொல்லிக்கிட்டிருக்கே. கேட்டது யாரு?"

"கேக்க நல்லா இருக்குன்னு அடிக்கிறேன். உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

ரஸ் சிரித்தார். வளைவு வந்தது. மோட்டார் அடங்கியது. வண்டி மரத்துக்கு நேரே நின்றது. ரஸ் இறங்கிப் போய்க் கூரையைப் பார்த்துவிட்டு, சிரிப்பை எங்கோ தொலைத்துவிட்டுத் திரும்பினார்.

"தானா நழுவினா ஸ்பிரிங் கழியை மேலே எகிற வெக்கும். வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கும். இது கொக்கியில மாட்டியிருக்கு."

"எகிறித் திரும்பி விழுந்து மாட்டிக்குது."

"இத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன். அப்படி ஒண்ணு கிடையாது. ஆள் விட்டுப்போச்சு, வண்டியை நிறுத்தணும்னா கண்டக்டர் அந்தக் கயித்தைப் பிடிச்சு இழுப்பான். அப்பத்தான் அப்படி மாட்டும்." ரஸ் மரத்தைப் பார்த்தார். "இங்க ஒரு ஸ்டாப் இருந்துச்சு. கடைசி நாள் கடைசி வண்டி இங்க நிக்கல. கூட்டம். இடமில்லைன்னு ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. இங்க காத்திருந்தவங்க லாந்தரை ஆட்டிக்கிட்டு நின்னாங்களாம் பாவம்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. வேற வண்டி வரல, அவ்வளவுதான்." ரஸ் தொப்பியைச் சரிசெய்தார். "நான் நடந்தே போறேன்டா."

இவன்தான் யாரையோ வைத்துத் தூண்டில் நூல் கட்டி இழுக்கச் சொல்கிறான் என்று எமில் முடிவு கட்டினார். புதரெல்லாம் அடித்துத் தேடினார். நூல் இல்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் கண்டக்டர் மணியைக் கழற்றி, ஒரு காபி டப்பாவில் போட்டு மூடி, ஷெட்டில் வைத்தார். ஏன் என்று தன்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு எரிச்சல் தாங்காமல்தான் அதைச் செய்தார். வளைவுக்குள் போனதும், அது நிறுத்துவதற்குள் தானே நிறுத்தினார்.

"இந்தா, நின்னாச்சு. போதுமா?" என்று மரத்தைப் பார்த்துக் கத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை. இலை உதிர்ந்த கிளைகள். அழுகிய வால்நட் ஓட்டின் கசப்பு வாசனை. அடியில் வண்டியின் ஸ்பிரிங் மெல்ல முனகியது. ஒரு பக்கம் தாழ்ந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். குளிருக்கு இரும்பு சுருங்குகிறது என்று நினைத்துக்கொண்டார். காலால் இரண்டு தட்டினார். கைப்பிடியைத் திருப்பினார்.

கழி கம்பியை விடவில்லை. ஓடைவரை போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். வளைவில் நின்றால் போதும், வண்டி ஓடுகிறது! பல வாரம் உயிரை எடுத்த சனியன் இவ்வளவுதானா? கொஞ்சம் கனமாக ஓடியது, உண்மை. கரண்ட் மீட்டர் முள் வழக்கத்தைவிடத் தள்ளி நின்றது. ஒவ்வொரு நடைக்கும் இன்னும் தள்ளிப் போனது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புதன்கிழமை வந்துவிட்டது.

வெர்னா தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டாள். உதட்டுக்குச் சாயம்கூடப் பூசியிருந்தாள். அவர் அவளைத் தூக்கி முன்பெஞ்சில் உட்காரவைத்து, காலில் போர்வை சுற்றினார். சூரியன் ஆலைப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் இறங்கியிருந்தது.

"கவுத்துட மாட்டியே கிழவா?"

"வாயை மூடிக்கிட்டுக் கெட்டியாப் பிடிச்சுக்கோ."

அவள் குழந்தை மாதிரிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அவர் காலால் இரண்டு தட்டினார்.

வளைவில் நிறுத்தினார். ஸ்பிரிங் முனகியது. தாழ்ந்தது. தாழ்ந்துகொண்டே இருந்தது. ஈரக் கம்பளி வாசனை அடித்தது, மழையில் நனைந்த கோட்டுகள் நெருக்கியடித்து நிற்கிற மாதிரி. மண்ணெண்ணெய்ப் புகையும் கொஞ்சம்.

வெர்னா பெஞ்சில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏன் தள்ளிப் போறே?"

"தெரியல," என்றாள். அவள் சிரிப்பு நின்றிருந்தது. "இடிக்குது."

அவர் திரும்பிப் பார்த்தார். காலிப் பெஞ்சுகள். திரும்பி மேலே போய்விடலாமா? இவ்வளவு தூரம் வந்துவிட்டு? இன்று ஓடைக்கு அவள் போகாவிட்டால் நாளை கரோலோடு போய்விடுவாள். கைப்பிடியைத் திருப்பினார். மோட்டார் இரைந்தது. முள் கோடி வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. வண்டி சரிவில் இறங்குவதற்கே திணறியது. கருகிய ரப்பர் நாற்றம். கடைசிக் கட்டைகளுக்குச் சற்று முன்னால் எல்லாம் அடங்கியது.

"ஃப்யூஸ் போயிடுச்சு. மேலே போய்ப் போட்டுட்டு வர்றேன். அசையாம உக்காரு."

"எமில், என்னையும் கூட்டிக்கிட்டுப் போ."

"எப்படி? முதுகுல தூக்கிக்கிட்டா? இதோ இருக்கு ஷெட்டு. ஓடையைப் பாரு. இதைப் பாக்கத்தானே வந்தே?"

கைப்பிடியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டார். வண்டியை விட்டு இறங்கும் எந்த டிரைவரும் அதை விட்டுவிட்டுப் போகமாட்டான். கைப்பிடி இல்லாத வண்டியை யாராலும் ஓட்ட முடியாது.

மேடேறினார். மூச்சு வாங்கியது. வளைவைத் தாண்டும்போது மரத்தைப் பார்க்கவில்லை. ஷெட்டில் மெயின் சுவிட்சை இழுத்துத் திறந்து கரண்டை நிறுத்தினார். சுவிட்ச் பெட்டியில் இருந்த மெல்லிய ரீங்காரம் செத்தது. புது ஃப்யூஸைத் தேடினார்.

காபி டப்பாவுக்குள் மணி அடித்தது.

இரண்டு தடவை.

மூடி அதிர்ந்தது. அடங்கியது.

அவர் டப்பாவின் பக்கம் திரும்பினார். கீழே, தூரத்தில், கால்மணி பதில் சொன்னது. இரண்டு தட்டு.

ஃப்யூஸ் கையிலிருந்து விழுந்தது. வாசலுக்கு ஓடினார். மொட்டை மரங்களுக்கு நடுவே வண்டி தெரிந்தது. விளக்கு எரிந்தது. மஞ்சளாக. மெயின் சுவிட்ச் அவருக்குப் பின்னால் திறந்தே இருந்தது.

வெர்னா நின்றுகொண்டிருந்தாள்.

மேஜை இல்லாமல். தடி இல்லாமல். இரண்டு பெஞ்சும் காலி. காலிப் பெஞ்சுகளுக்கு நடுவே அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு, ஒடுங்கி, நின்றாள். வலது கை தலைக்கு மேலே எதையோ பற்றியிருந்தது. கூட்டத்தில் கூரையிலிருந்து தொங்கும் வாரைப் பிடித்து நிற்கிற மாதிரி. அவர் வண்டியில் வார் கிடையாது.

"வெர்னா! இறங்கு! இறங்குடீ!"

அவள் தலையைத் திருப்பினாள். அவரைப் பார்த்தாள். நிறுத்தத்தில் விடப்பட்டவரை வண்டிக்குள் இருப்பவர் பார்க்கிற பார்வை.

வண்டி நகர்ந்தது. குறுக்குக் கட்டைகள் முறிகிற சத்தம் வரவில்லை. தண்ணீரில் விழுகிற சத்தம் வரவில்லை. தண்டவாளம் இல்லாத அக்கரையில் சக்கரம் தண்டவாளத்தில் உருளும் சத்தம் கேட்டது. மஞ்சள் விளக்கு மரங்களுக்குள் ஏறிச் சிறுத்தது. அவளுடைய கை உயர்ந்தபடியே, ஆட்டத்துக்கு ஏற்ப ஆடியது.

உள்ளங்கையில் ஏதோ நெளிந்தது.

குனிந்து பார்த்தார். இறுக்கிப் பிடித்த விரல்களுக்குள் பித்தளைக் கைப்பிடி திரும்பிக்கொண்டிருந்தது. கையை விரித்தார். அது நிற்கவில்லை. அவர் உள்ளங்கைமேல், தானாக, ஒரு படி. இன்னொரு படி.