எண்பத்தெட்டுத் துளைகள்

மோட்டாரைப் போட்டதும் பியானோவின் எண்பத்தெட்டுக் கட்டைகளும் ஒரேயடியாக இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது ஒன்றுதான்.

பழுதுபார்க்க வந்த ஜெரால்டு உதட்டைப் பிதுக்கினான். இந்த வீட்டில் எதுதான் ஒழுங்காக இருக்கிறது? கரண்டில் தானே வாசிக்கும் பழைய பியானோ, தூத்துக்குடியிலேயே இது ஒன்றுதான். அதன் தலையில் இஸ்திரித் துணியும் நெத்திலிக் கருவாட்டு டப்பாவும். பாட்டுத் தாள் சுருள்கள் எங்கே என்று கேட்டால், வீட்டுக்காரி எமில்டா கூசாமல் சொன்னாள்.

“கிறிஸ்மஸுக்கு ஸ்டார் செஞ்சிட்டோம் தம்பி. ஓட்டை ஓட்டையா இருந்துச்சா, உள்ள பல்பு போட்டா அம்புட்டு அழகு.”

“பியானோவையும் ஒடைச்சு அடுப்பெரிச்சிருக்கலாம்லாக்கா.”

“தாள் இல்லாம கரண்ட் போடக் கூடாதுன்னு எங்க மாமா சொல்லுவாவ.”

“ஒங்க மாமா என்ன மெக்கானிக்கா?”

முகம் சுண்டிப்போய் அவள் சமையலறைக்குள் போனாள். அவனுக்கு அதுவே நிம்மதி. கோயிலில் ஆர்கன் வாசிப்பவன். ஞாயிற்றுக்கிழமை பிஷப் முன்னால் தனியாக வாசிக்கப் போகிறவன். வலது கையில் கீறல் விழக் கூடாதென்று மீன்கூட நறுக்க மாட்டான். இவர்களோடெல்லாம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

விஷயம் எளிது. மோட்டார் காற்றை இழுக்கும். பித்தளைப் பட்டையில் கட்டைக்கு ஒரு துளை. மேலே ஓடும் தாளில் எங்கே ஓட்டை வருகிறதோ அங்கே காற்று நுழையும், அந்தக் கட்டை இறங்கும். தாளே இல்லையென்றால் எல்லாம் இறங்க வேண்டும்.

இரண்டாவது கட்டை இறங்கியது. பிறகு மூன்றாவது, நிதானமாக.

மூன்று மணி வெயில் சுவரைச் சுட, துறைமுகத்தில் ஏதோ கப்பல் விட்டுவிட்டு ஊத, பெட்டிக்குள்ளிருந்து நாள்பட்ட சிப்பி அழுகுவதுபோல் ஒரு வாடை வர, அவன் மூக்கைச் சுளித்துக்கொண்டே செல்போன் வெளிச்சத்தைப் பட்டைமேல் அடித்தான். துளைகளை ஏதோ உள்ளிருந்து அடைத்திருந்தது. கரப்பான் முட்டையாக இருக்கும், இவர்கள் வீட்டுச் சுத்தத்துக்கு.

ஒரு துளையில் இருந்தது ஈரமாகப் பின்வாங்கியது. அந்தக் கட்டை இறங்கியது.

ஜெரால்டுக்குப் பயம் வந்தது. பயந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது. காற்றைச் சோதிக்க வலது உள்ளங்கையைப் பட்டையின்மேல் அழுத்தி வைத்தான்.

கட்டைகள் நிற்கவில்லை.

கை வரவில்லை.

இடது கையால் பிளக்கைப் பிடுங்கினான். மோட்டார் அடங்கியது. இழுப்பு அடங்கவில்லை. காலை முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து, இழுத்தான். விட்டது.

உள்ளங்கையில் ஏழு துளைகள். வட்டமாக. வரிசையாக. ரத்தம் இல்லை. வலி இல்லை. அவற்றின் வழியே தரை தெரிந்தது.

“வாசிக்குதே தம்பி!” சமையலறையிலிருந்து எமில்டா கூவினாள். “நல்லா வாசிக்குதே!”

ஒரு கட்டை இறங்கியது. மணிக்கட்டில் ஒரு துளை விழுந்தது.

அடுத்த கட்டை. முழங்கை.

பிறகு பாட்டு வேகமெடுத்தது.