ஊசிப் பட்டையும் ஒரு ஜாண் தூரமும்

"அத்தை! மாமாவைப் பிடிங்க... விழுந்துடப் போறார்!"

சமையலறையிலிருந்து சுஜி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது. கூடத்தில் தயாளன் நாற்காலியை விட்டு எழுந்து, எதிரே நின்ற மனைவியின் தோளைப் பிடிக்கக் கை நீட்டியிருந்தார். தபீதாள் தோள் கொடுக்கவில்லை. விருட்டென்று பின்னால் நகர்ந்தாள். நீட்டிய கை காற்றைத் துழாவிவிட்டுக் கடைசியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

இடுப்பில் குழந்தை ஜெரூஷாவோடு ஓடிவந்த சுஜி, மாமனாரை மறுபடி உட்காரவைத்தாள்.

"என்ன அத்தை இது? ஹார்ட்டுக்குப் பேஸ்மேக்கர் வெச்சு ரெண்டு மாசம்தான் ஆகுது... மனுஷன் கண்ணு முன்னாடி தள்ளாடுறார், நீங்க பின்னாடி போறீங்களே!"

மாமியாரின் இரண்டு கைகளும் மார்பில் தொங்கிய, ஊசிகள் குத்திய துணிப் பட்டையைப் பொத்திக்கொண்டிருந்தன.

"விடும்மா சுஜி," என்றார் தயாளன். அவருக்கு மூச்சு இன்னும் சீராகவில்லை. "மூணு வாரமா பாக்கறேன். காப்பியை டேபிள்ல வெச்சிட்டு ஓடறா. படுக்கையைக் கூடத்துக்கு மாத்திக்கிட்டா. மெஷின் வெச்ச உடம்புன்னா அவளுக்கு அருவருப்பா இருக்கோ என்னமோ..."

அருவருப்பா! அவர் கழற்றிப் போட்ட சட்டையை முகர்ந்தே காய்ச்சல் வரப்போகிறது என்று சொல்கிறவளுக்கு அருவருப்பா! தபீதாள் பட்டையை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

அப்பாவின் செக்கப்புக்காக லீவு போட்டிருந்த மகன் ஃபிரெடி, எல்லாவற்றையும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, நான் முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கு ஆஸ்பத்திரி முடிஞ்சதும் அப்பாவை அப்படியே கீழ்க்கட்டளைக்குக் கூட்டிட்டுப் போயி ஜெஃப்ரி அண்ணன் வீட்ல விட்டுடறேன். அண்ணி நல்லாப் பாத்துப்பாங்க. நீ உன் தையலையே கட்டிக்கிட்டு இரு!"

தபீதாள் கணவரைப் பார்த்தாள். 'நான் போகமாட்டேன்டா' என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா? அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என் கண்ணாடியை மறக்காம எடுத்து வைடா" என்றார். அவ்வளவுதான். அவள் உள்ளே போய், அவருடைய பனியன்களை மடித்துப் பையில் வைத்தாள்.

அந்தப் பட்டைக்கு ஒரு கதை உண்டு.

பேத்தி பிறந்ததும் தையல் மெஷினை ஆலயத்துப் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குக் கொடுத்துவிட்டாள் தபீதாள். யாரும் கேட்கவில்லை. மெஷின் சத்தத்தில் குழந்தை தூக்கிவாரிப் போட்டு எழுவதைப் பார்த்தாள், கொடுத்துவிட்டாள். சேலையூரில் அவள் கையால்தான் ஃபால்ஸ் தைக்கவேண்டும் என்று புடவையோடு வருகிற வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்காகக் கைத்தையலை மட்டும் வைத்துக்கொண்டாள். குழந்தை தவழ ஆரம்பித்ததும் அதற்கும் சோதனை வந்தது.

"அத்தை, தரையில ஒரே ஒரு ஊசி கிடந்தாப் போதும். கையில கிடைச்சதெல்லாம் வாயிலதான் போடறா... எனக்கு மீட்டிங்ல உக்காந்தா மனசு பூரா வீட்டுத் தரையிலதான் இருக்கு," என்று சுஜி அழுதேவிட்டாள்.

தாய் பயப்படுவதில் என்ன தப்பு? தபீதாளுக்கே அந்தப் பயம் இருந்தது. ஊசி தன் உடம்பை விட்டு இறங்கக்கூடாது, அதற்கு ஒரு வழி வேண்டும் என்று யோசித்தாள். முதலில் மணிக்கட்டில் கட்டும் சின்ன மெத்தை ஒன்று செய்தாள். பஞ்சு வைத்தால் வியர்வை பட்டு ஊசி துருப்பிடித்தது. சீப்பில் வந்த தன் தலைமுடியைச் சேர்த்துவைத்து அடைத்தாள். முடியில் இருக்கும் எண்ணெய்க்கு ஊசி துருவே பிடிக்கவில்லை. ஆனால் அழுத்திக் குத்தினால் மணிக்கட்டில் ஏறியது. அடியில் டப்பா மூடியை வட்டமாக வெட்டி வைத்தாள். அதற்குள் ஜெரூஷா அந்தக் கையையே பிடித்து இழுக்கப் பழகிவிட்டாள்.

கடைசியில் ஃபிரெடியின் பழைய ஆபீஸ் அடையாள அட்டை நாடாவை எடுத்து, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை கோத்து, மார்புக்கு நேரே தொங்கவிட்டாள். மேலே முடி அடைத்த மெத்தை. நடுவில் கத்தரிக்கோலுக்கு ஜீன்ஸ் துணியில் உறை. ஓரத்தில் விரல்கவசத்துக்கு மூடி வைத்த பை. பின்பக்கம், ஓடாத ஸ்பீக்கரிலிருந்து ஃபிரெடி பெயர்த்துக் கொடுத்த வட்டக் காந்தத்தை உள்ளே வைத்துத் தைத்தாள். வேலை முடிந்ததும் குனிந்து பாய் மேல் பட்டையை ஒருமுறை ஆட்டினால் போதும். தவறி விழுந்த ஊசி எங்கே இருந்தாலும் 'டக்' என்று வந்து ஒட்டிக்கொள்ளும்.

"அம்மா டூட்டிக்குக் கிளம்பிட்டாங்கடா, ஐடி கார்டைப் பாரு!" என்று ஃபிரெடி கிண்டல் செய்வான். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமைதான் அவளைக் கொன்றது.

மூன்று வாரம் முன்பு, ஒரு காலை நேரம். முகம் கழுவப் போன தயாளன் வாஷ்பேசின் பக்கத்தில் தலைசுற்றிச் சாய்ந்தார். ஓடிப்போய் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். பிடித்தால் தேறவேண்டாமா? இன்னும் துவண்டார். "என்னங்க... என்னங்க!" என்று அவள் இறுக்க இறுக்க, அவர் வியர்த்துக் கொட்டி அவள் கைகளுக்குள்ளேயே சரிந்தார். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இருவர் நெஞ்சுக்கும் நடுவே அந்த வட்டக் காந்தம் அழுத்திக்கொண்டிருந்தது. அவருடைய இடது தோள்பட்டைக்குக் கீழே புடைத்திருக்கும் பேஸ்மேக்கர் மெஷினுக்கு நேர் மேலே!

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்ஸ் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தாள். "அம்மா, காந்தம் எதுவும் கிட்ட வேணாம். ஒரு ஜாணாவது தள்ளி இருக்கணும்." தலையை ஆட்டிவிட்டு வந்தவள், பேத்தியைப் பற்றிய கவலையில் அதைச் சுத்தமாக மறந்துபோனாள்.

தயாளன் படுத்து எழுந்து சரியாகிவிட்டார். தபீதாள் சரியாகவில்லை. அன்றைக்கே காந்தத்தைப் பிரித்தெடுத்துக் குப்பை வண்டியில் போட்டாள். பிறகு ஓர் ஊசியை எடுத்தால் இன்னொன்று அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஐயோ ஆண்டவரே! காந்தத்தோடு கிடந்து கிடந்து ஊசியே காந்தமாகிவிட்டதே! எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புது ஊசி வாங்கினாள். அதற்குப் பிறகும் கத்தரிக்கோலைப் பார்த்தால் சந்தேகம், ரவிக்கை ஊக்கைப் பார்த்தால் சந்தேகம். தன் அணைப்புதான் அவரைச் சாய்த்தது என்று மனம் முடிவு கட்டிய பிறகு, தன் கைகளையே அவளால் நம்ப முடியவில்லை. அன்றிலிருந்து அவள் அவர் கிட்டப் போகவில்லை.

யாரிடம் சொல்வாள்? 'என் கையாலேயே உங்களைக் கொல்லப் பார்த்தேன்' என்று எந்த மனைவி சொல்வாள்?

அவருக்கு அதற்குப் பிறகும் தலை சுற்றிக்கொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு முறையும், அன்றைக்கு மெஷின் கெட்டுவிட்டது, கெடுத்தவள் நான் என்று தன்னையே சபித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் ஒரே டாக்ஸியில் கிளம்பினார்கள். தபீதாள் பட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, எங்காவது ஊசி குத்திக்கொண்டிருக்கிறதோ என்று புடவையை மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்தாள். பின்சீட்டில் கணவருக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் முன்னால் டிரைவர் அருகே போய் உட்கார்ந்தாள்.

"பாத்தியாடா?" என்று பின்னாலிருந்து தயாளன் மெல்லச் சொன்னது அவள் காதில் விழுந்தது. கேம்ப் ரோடு முழுவதும் கண்ணாடிப் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள்.

மெஷினைப் பரிசோதிக்கும் அறையில் ஷாயிஸ்தா என்ற இளம் டெக்னீஷியன் இருந்தாள். தயாளனைப் படுக்கவைத்துச் சட்டைப் பட்டன்களைக் கழற்றச் சொன்னாள். ஃபிரெடி பக்கத்தில் நின்றான். குழந்தையோடு சுஜி கதவருகே இருந்தாள். தபீதாள் எதிர்ச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

ஷாயிஸ்தா மேஜை இழுப்பறையிலிருந்து எதையோ எடுத்தாள். மெதுவடை அளவில், நடுவில் ஓட்டையோடு இருந்தது. பக்கத்தில் கிடந்த ஸ்டேப்ளர் அதோடு சேர்ந்து எழும்பி வந்தது. அதைப் பிய்த்து வைத்துவிட்டு, கையைத் தயாளனின் நெஞ்சுக்குக் கொண்டுபோனாள்.

"வேணாம்! வெக்காதீங்க!"

அலறியபடி பாய்ந்துவந்த தபீதாள், அந்தப் பெண்ணின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அது காந்தம்மா! அவர் செத்துடுவார்! ஒரு தடவை நான் பண்ணின பாவமே போதும்... உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வேணாம்!"

"அம்மா! என்ன பேசறே?" என்றான் ஃபிரெடி.

இனி எதை மறைப்பது? மடை திறந்துகொண்டது. ஸ்பீக்கர் காந்தம், வாஷ்பேசின், நர்ஸ் சொன்ன ஒரு ஜாண், ஒட்டிக்கொண்டு வந்த ஊசி... எல்லாவற்றையும் அழுகைக்கு நடுவே கொட்டினாள்.

"அருவருப்புன்னு சொல்லிட்டீங்களேங்க... உங்களைத் தொட்டா நீங்க போயிடுவீங்களோன்னு பயந்து செத்துக்கிட்டிருக்கேன்! கீழ்க்கட்டளைக்கே போங்க. என்னைவிட்டுத் தள்ளி எங்கயாவது உசுரோட இருங்க!"

ஷாயிஸ்தா முதலில் தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"அம்மா, இங்க பாருங்க. நாங்க செக் பண்றதே இதை வெச்சுத்தான். காந்தம் பட்டா இவரோட மெஷின் கொஞ்ச நேரம் ஒரே வேகத்துல அடிக்கும். எடுத்ததும் பழையபடி ஆயிடும். வீட்ல தள்ளி வெக்கச் சொல்றது ஜாக்கிரதைக்கு. ஊசியோ கத்தரிக்கோலோ ஒண்ணும் பண்ணாது."

காந்தத்தை வைத்தாள். திரையில் கோடுகள் ஓடின. தபீதாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது தயாளன் உயிரோடு, அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"மெஷின் சூப்பரா இருக்கு. அன்னிக்கும் இதால எதுவும் கெடலை," என்ற ஷாயிஸ்தா, அவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். அவள் புருவம் நெரிந்தது. "ஆனா பி.பி. இவ்ளோ கம்மியா இருக்கே... காலைல என்ன சார் சாப்ட்டீங்க?"

"மூணு இட்லி. நான்தான் வெச்சேன்," என்றாள் சுஜி.

தயாளன் கூரையைப் பார்த்தார்.

"மாமா?"

"...சாப்பிடலைம்மா. மாடியில காக்காய்க்குப் போட்டுட்டேன்."

"இன்னிக்கு மட்டுமா சார்?"

"ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள் ஆரம்பிச்சதிலேருந்து..." தயாளனின் குரல் உள்ளே போய்விட்டது. "ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்போ ஒரு பொருத்தனை பண்ணினேன். என் தபீதாகிட்டயே திரும்பி வந்துட்டா, இந்த லெந்து பூரா மத்தியானம் வரைக்கும் பல்லுல பச்சைத் தண்ணி படாம இருக்கேன்னு. சொன்னா அவ விடமாட்டா... அதான் மாத்திரையை மட்டும் வாயில போட்டுக்கிட்டு..."

"வெறும் வயித்துல பி.பி. மாத்திரை!" ஷாயிஸ்தா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "எழுந்து நின்னா தலை சுத்தாம என்ன சார் பண்ணும்? நானே இப்ப நோன்புலதான் இருக்கேன். எங்க நோன்புலயே உடம்பு முடியாதவங்களுக்கு விலக்கு இருக்கு சார். டாக்டரைக் கூட்டிட்டு வரேன், இருங்க. முதல்ல எதையாவது குடுங்க அவருக்கு."

ஃபிரெடி கேன்டீனுக்கு ஓடினான். சுஜி குழந்தையோடு மாமியார் அருகே வந்தாள். அவள் கண்களும் நிறைந்திருந்தன.

"அத்தை... இப்ப பட்டையில ஒவ்வொரு ஊசிக்கும் சிவப்பு நூல்ல வால் கட்டி, வளையத்துல முடிச்சுப் போட்டிருக்கீங்களே. காந்தம் இல்லாமப் போச்சுன்னு, ஜெருவுக்காகத்தானா?"

"பின்ன? கீழ விழுந்தாத்தானே தேடணும்? விழவே கூடாதுன்னு கட்டினேன்."

"நான் என்னென்னமோ பேசிட்டேன் அத்தை... மன்னிச்சிடுங்க..." சுஜி அவள் தோளில் முகம் புதைத்தாள். தபீதாள் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஆனால் அவள் பார்வை கட்டிலில்தான் இருந்தது. வாரக்கணக்காக நெஞ்சை அடைத்திருந்த பயம், போகும்போது கோபமாகத்தான் போனது.

"ஏங்க, உங்க மனசு என்ன கல்லா? ஒவ்வொரு நாளும் நான்தான் உங்களைக் கொல்றேன்னு நினைச்சு நினைச்சு வெந்தேன். நீங்க காக்காய்க்கு இட்லி போட்டுக்கிட்டு இருந்தீங்களா?"

"தபீ... உனக்காகத்தானே..."

"பேசாதீங்க!"

கேன்டீனிலிருந்து திரும்பி வந்த ஃபிரெடி நீட்டிய இட்லிப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். ஒரு விள்ளலைப் பிட்டு அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"பொருத்தனைம்மா... ஆண்டவருக்குக் குடுத்த வாக்கு..."

"என்கிட்ட திரும்பி வரத்தானே அந்தப் பொருத்தனை? வந்தாச்சு. மீதியை ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கறேன். வாயைத் திறங்க."

தயாளன் திறந்தார். மென்று விழுங்குவதற்குள் அவர் முகம் கோணிக்கொண்டது. சின்னப் பிள்ளை போல விசித்து அழுதார். "அருவருப்புன்னு சொல்லிட்டேனே தபீ... என் நாக்கு அழுகணும்..."

தபீதாள் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். ஒரு கணம் தயங்கினாள். பிறகு குனிந்து, அந்தப் புடைப்பின் மேலேயே கன்னத்தை வைத்து அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் நெஞ்சு அவள் காதுக்குள் நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

"ம்மா," என்றான் ஃபிரெடி தொண்டையைச் செருமிக்கொண்டு. "கீழ்க்கட்டளை..."

"அண்ணனுக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லுடா," என்றார் தயாளன்.

டாக்டர் வந்து, மாத்திரையை மாற்றி எழுதி, ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போனார். அப்போதும் தபீதாள் கட்டில் ஓரத்தில் அவர் தோளைச் சுற்றிக் கைபோட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். வாசலில் அடுத்த நோயாளி காத்திருந்தார். ஷாயிஸ்தா தயங்கித் தயங்கி, "அம்மா, கொஞ்சம் நகருங்களேன்," என்றாள்.

தபீதாள் நகர்ந்தாள், அவரையும் கூடவே அணைத்து இழுத்துக்கொண்டு.