பதினெட்டு நாள் நோன்பு

மங்கை மத்தியானம் சாப்பிடுவதில்லை என்பதை முதலில் கவனித்தது நான்தான். அதைத் தப்பாகப் புரிந்துகொண்டதும் நான்தான்.

அந்த ஐப்பசியில் செஞ்சியில் விடாமல் மழை பெய்தது. ராஜகிரி மலை மேகத்துக்குள் போய் நாலைந்து நாளாகியும் வெளியே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மரத்தடி முழுக்கச் சேறு. அதனால் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்களுடையது சம்பளம் கட்டிப் படிக்கிற பள்ளிக்கூடம். ஊரில் அதைக் ‘காசுப் பள்ளிக்கூடம்’ என்பார்கள்.

மங்கை கால் பரீட்சைக்குப் பிறகு ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தவள். அவள் அப்பா பச்சைமுத்து மணிலா மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர். அவளைச் சேர்ப்பதற்காக ராத்திரியில் அதே மண்டிக்குக் காவலும் இருந்தார். என் அப்பாவுக்குக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. சம்பளம் கட்டும் தேதி என்றைக்கு என்று எனக்குத் தெரியாது. மங்கைக்கு அது மாதம் முழுக்க ஞாபகம் இருக்கும்.

மணி அடித்ததும் நாங்கள் டப்பாவைத் திறப்போம். மங்கை பானையிலிருந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடிப்பாள். பிறகு வகுப்புக்குள் போய், மேசை மேல் இருக்கும் உலக உருண்டையைச் சுற்றிக்கொண்டிருப்பாள்.

மூன்றாம் நாள் கேட்டேன்.

"நீ சாப்பிடலையா?"

"வேணாம்."

"நோன்பா?"

அவள் என் டப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள்.

நாங்கள் சமணர்கள். எங்கள் வீட்டில் நோன்பு என்றால் பெரிய விஷயம். தர்மவதி அத்தை எட்டு நாள் உபவாசம் இருந்தபோது தெருவே வந்து கும்பிட்டது. எனக்கோ ஒரு வேளை தள்ளிப்போனாலே தலை சுற்றும். அதனால் மங்கை மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘மங்கை நோன்பு’ என்று எழுதி, நாளுக்கு ஒரு கோடு போட்டேன். எதையும் எழுதி வைத்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

செய்தி வகுப்பு முழுக்கப் பரவியது. பரப்பியதும் நான்தான்.

"நோன்புக்காரம்மா!" என்று கன்னியப்பன் அவள் முன்னால் தலையைக் குனிந்து நின்றான். "இன்னிக்கிக் கணக்குப் பரீட்சை. கொஞ்சம் கைய வையி."

மங்கை கை வைத்தாள். அவனுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வந்தது.

"உன் நோன்புல ஏதோ கோளாறு இருக்குது," என்றான்.

எல்லோரும் சிரித்தோம். மங்கையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பதினெட்டாவது கோடு போட்ட அன்று, சாப்பிடுவதற்கு முன் வாசல் குழாயில் கை கழுவப் போனேன். வெளியே தெருவில் படுதா போட்டு மூடிய கைவண்டி நின்றது. பக்கத்தில் மங்கையின் அப்பா. மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் போட்டிருந்தார்.

"பாப்பா, நீ எங்க மங்கை கிளாசுதானே?"

"ஆமா."

"இன்னிக்கி இன்னா சோறு போட்டாங்க?"

"என்ன சோறு?"

"பள்ளிக்கூடத்துல போட்ற சோறுதான். வண்டி இந்தப் பக்கம் வந்துச்சி. அது சாப்புட்றத ஒரு வாட்டி பாத்துட்டுப் போலாம்னு நின்னேன்."

எனக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். தாழ்வாரத்துத் தூணுக்குப் பின்னால் மங்கை நின்றிருந்தாள். ‘சொல்லாதே’ என்று மெதுவாகத் தலையை ஆட்டினாள். அவள் உதடு காய்ந்திருந்தது.

அப்போதுதான் பதினெட்டுக் கோடுகளும் எனக்கு ஒன்றாகப் புரிந்தன.

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. நிதானமாக யோசிக்கவும் நேரமில்லை.

"புளிச்சோறு," என்றேன். என் டப்பாவில் இருந்தது அதுதான்.

அவர் முகம் மலர்ந்தது. "புளிச்சோறா! அதுக்கு ரொம்பப் புடிக்கும். வயிறு நெறையப் போட்றாங்களா?"

"போடுவாங்க."

"அது போதும்மா. சரக்கு நனையுது, நான் வர்றேன்." வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நான் ஓடி வந்தேன். "வீட்ல ஏன் சொல்லல?"

மங்கை தரையைப் பார்த்துப் பேசினாள். "பழைய பள்ளிக்கூடத்துல மத்தியானம் சோறு போட்டாங்க. இனாமா சொல்லிக்குடுக்குற எடத்துலயே போட்றாங்க, காசு வாங்குற எடத்துல போடாமயா இருப்பாங்கன்னு நைனா நெனச்சிக்கிச்சி."

"இல்லைன்னு சொல்லலாமே?"

"சொன்னா அம்மா அது பங்க எனக்குக் கட்டிக் குடுத்துடும். அது நாத்து நடப் போவுது. வெறும் வயித்தோட எப்படிக் குனியும்? இல்லன்னா என்னப் பழைய எடத்துக்கே அனுப்பிடுவாங்க. அங்க அஞ்சு கிளாசுக்கும் ஒரே வாத்தியாரு. உலக உருண்டையும் இல்ல."

நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்ததை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

"மங்கை, நான் உங்க அப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன்."

"எனக்காகத்தானே சொன்ன?"

"யாருக்காகச் சொன்னாலும் பொய்தான். ஆனா சாப்பாட்டு நேரம் முடியற மணி இன்னும் அடிக்கல. நீ சாப்பிட்டா அது உண்மையாயிடும்."

டப்பாவைத் திறந்து, பாதிச் சோற்றை மூடியில் வைத்து நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"உங்க வீட்ல திட்டமாட்டாங்களா?"

"தெரியல," என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

மழை ஓட்டின் மேல் சத்தமாக விழுந்தது. மங்கை மூடியைப் பார்த்தாள்.

"வயிறு நெறையன்னும் சொன்னியே. இது பாதிதானே இருக்குது?"

இன்னும் இரண்டு கை எடுத்து வைத்தேன். அப்புறம்தான் வாங்கிக்கொண்டாள். வேகமாகச் சாப்பிடுவாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகச் சாப்பிட்டாள். மணி அடித்தபோது மூடியில் ஒரு பருக்கை இல்லை.

சாயங்காலம் டப்பா கழுவும்போது அம்மா கேட்டாள். "மூடியில ஏன் புளி ஒட்டியிருக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன், மங்கையின் அப்பாவிடம் சொன்ன இரண்டு பொய்கள் உட்பட. அம்மா டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். இருட்டுவதற்குள் சாப்பிடச் சொல்லித் தட்டு வைத்தாள். எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு சாப்பிட மாட்டோம். மங்கை வீட்டில் விளக்கு வைத்த பிறகுதான் அடுப்பே எரியும்.

காலையில் என் டப்பாவைக் காணோம். அந்த இடத்தில் இரண்டு அடுக்குக் கேரியர் இருந்தது. அம்மாவுக்குக் கோபமா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மத்தியானமும் மழைதான்.

"நேத்து உங்க அப்பா கேட்டாரா?" என்றேன்.

"கேட்டுச்சி. புளிச்சோறுன்னேன். உப்புதான் கொஞ்சம் கம்மின்னும் சொன்னேன்."

"எங்க அம்மா சமையல்லயா உப்பு கம்மி?"

"உண்மையத்தானே சொல்லணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேரியரைப் பிரித்து, மேல் அடுக்கை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இன்னிக்கிக் கேட்டா தயிர்சோறுன்னு சொல்லு."

அடுத்த மாதச் சம்பளத்துக்கு அவள் அப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கேரியர் அதற்கு உதவாது. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பதினெட்டுக் கோடுகளையும் பார்த்தேன்.

பத்தொன்பதாவது கோட்டை நான் போடவில்லை.