பயன்படுத்துவோர்: எவருமில்லை

காலையில் மனைவி மேசையில் இரண்டே தட்டுகளை வைத்தாள். அது மூன்று பேர் இருக்கிற வீடு.

சர்வேயர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கும் பெண்ணுக்கும் ஏதோ சண்டை, நடுவில் போய் நாம் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று தன் தட்டை ஏழு வயது மகள் பக்கம் நகர்த்தினார்.

“நேத்து ராத்திரியிலிருந்து அம்மா என்கிட்ட பேசவே மாட்டேங்கறாங்கப்பா.”

“விடு பாப்பா, சரியாயிடும்.”

மனைவி சிரித்தாள். “காலங்காத்தாலேயே தனியா பேச ஆரம்பிச்சாச்சா?”

பள்ளி வேன் மகள் எதிரிலேயே நிற்காமல் போனது. முணுமுணுத்துக்கொண்டே அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். அவள் உள்ளே நுழையும்போதே வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினான், அவள் பையின் வார் கம்பியில் மாட்டியது, அவள் இழுத்துக்கொண்டு ஓடினாள், அவன் கொட்டாவி விட்டான்.

பிற்பகலில் அலுவலகக் கவுண்டரில் ஒரு பெரியவர் கத்திக்கொண்டிருந்தார். பூங்காவில் தினமும் நடக்கிறவர், பார்த்த முகம்தான். அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த கிளார்க் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தான். சர்வேயர் தலையை நிமிர்த்தியதும் பெரியவர் சட்டென்று அடங்கினார்.

“உங்களுக்கு மட்டும் தெரியறேனா? தெரியாம இருக்குமா, கையெழுத்துப் போட்டவராச்சே. போன புதன்கிழமை சாயங்காலம் பார்க்குல யாருமே இல்லைன்னு எழுதினீங்களே, நான் அங்கதான் நடந்துக்கிட்டிருந்தேன். நேத்து பத்திரம் பதிவாச்சு. என் மருமக என் கட்டிலத் தூக்கி வெளிய போட்டுட்டா.”

சர்வேயர் எழுந்து கவுண்டருக்கு வந்தார்.

பூங்காவைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு விற்க நகராட்சி முடிவுசெய்திருந்தது. விற்கும் முன் ஒரு மாலை முழுக்க அங்கே நின்று, வருகிறவர்களை எண்ணி எழுத வேண்டும். வெயிலில் யார் நிற்பது? அலுவலகத்தில் எல்லோரும் செய்கிற நாற்காலி ஆய்வைத்தான் அவரும் செய்தார், மின்விசிறிக்கு அடியில். அப்போது மனைவி போனில் கூப்பிட்டாள். ‘பாப்பாவ பார்க் ஊஞ்சல்ல விட்டுட்டுக் கடைக்குப் போறேங்க.’ சரி சரி என்று போனைத் தோளில் இடுக்கியபடியே எழுதினார்: பயன்படுத்துவோர், எவருமில்லை.

“அந்த ஃபைல் எங்க?” கிளார்க்கை உலுக்கினார்.

“அதான் எல்லாம் முடிஞ்சு கைமாறிடுச்சே சார். இன்னிக்கு வேலை ஆரம்பிக்கிறாங்க.”

அவர் ஸ்கூட்டரை விரட்டினார். பள்ளி விட்டிருந்தது. வாசலில் மகள் இல்லை. அவள் வேறு எங்கே போவாள்?

பூங்காவைச் சுற்றித் தகர வேலி ஏறியிருந்தது. டீசல் நெடியும் பிடுங்கிய புல்லின் வாசமும் கலந்து தொண்டையை அடைக்க, புல்டோசரின் உறுமலுக்கு அடியில், மெலிதாக, விடாமல், ஒரு ஊஞ்சல் சங்கிலி கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது.

“நிறுத்துப்பா! நான் சர்வேயர்! உள்ள என் பொண்ணு இருக்கா!”

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். “ஈ காக்கா கூட இல்ல சார். நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க?”

பெஞ்சுகள் எல்லாம் நிறைந்திருந்தன. கைக்குழந்தையோடு ஒருத்தி. பந்தை மடியில் வைத்துக்கொண்டு நான்கு பையன்கள். அவருக்கு முன்பே வந்துவிட்ட அந்தப் பெரியவர். ஊஞ்சலில் மகள்.

அவர் வேலிக்குள் ஓடினார். கையைப் பிடித்தார். சூடான, வியர்த்த, சின்னக் கை.

“அப்பா, வந்துட்டீங்களா!”

அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். டிரைவர் வாசலில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

“இப்பதானே இங்க நின்னாரு அந்த மனுஷன்?”

“இங்கப்பா! இங்க இருக்கேன்!” சர்வேயர் ஒரு கையை உயர்த்தி ஆட்டினார்.

டிரைவரின் பார்வை அவர் முகத்தின் மேல் போனது. நிற்கவில்லை. தாண்டிப் போனது.

அவன் ஏறி உட்கார்ந்தான். இன்ஜின். புகை.

“நீங்களும் உள்ள வந்துட்டீங்களே. வெளிய போனாலும் இனி இதேதான் சார்,” என்றார் பெரியவர்.

புல்டோசர் வேலிக்குள் நுழைந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் நெருக்கி நகர்ந்து, அவருக்கும் மகளுக்கும் இடம் விட்டார்கள்.