எதிர்ப்பக்கத் தேய்மானம்

திறந்திருக்க வழியே இல்லாத நேரத்தில் நாலாம் குடிலின் கூரை ஜன்னல்கள் மூன்று விரற்கடை திறந்திருந்தன. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைச் சற்றுமுன் அவள்தான் அணைத்தாள். சுவிட்ச் பெட்டியில் தன் சொந்தப் பூட்டைப் போட்டாள். அப்போது ஜன்னல்கள் இறுக மூடியிருந்தன. அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பூட்டினாள். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுக் கம்பத்துக்கு வந்து நிமிர்ந்தால், எண்பது மீட்டர் நீளத்துக்கும் ஒரு வெளிச்சக் கோடு. மணி மூன்று.

அவள் பற்சக்கரங்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். அந்தப் பண்ணையின் ஆறு பசுமைக்குடில்களுக்கும் கியர்பாக்ஸ் பூட்டியவள். சக்கரத்தின் பல்லைக் கண்ணாடி வைத்துச் சோதிப்பதால் வேலைக்காரர்கள் அவளைப் பல் டாக்டர் என்பார்கள். டாக்டரம்மா, எனக்கும் ஒரு கடைவாய்ப் பல் ஆடுது, ஸ்பேனர் இருக்கா என்று யாராவது கேட்க, முதல் ஆளாகச் சிரிப்பவன் அங்கேயே செடிகளைக் கயிற்றில் ஏற்றிக் கட்டும் வேலையில் இருந்த அவள் தம்பி. அந்தச் சிரிப்பெல்லாம் ஐந்து வாரத்துக்கு முன்பு. இப்போது அவளைக் கண்டால் எல்லோருக்கும் செடிக்கு அடியில் ஏதோ வேலை வந்துவிடுகிறது. அந்தக் குனிந்த முதுகுகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குடிலுக்குள் சூடு ஏறினால் கூரை ஜன்னல் திறக்க வேண்டும், காற்று வலுத்தால் மூட வேண்டும், ஈரம் மிஞ்சினால் ஒரு சாண் திறந்து நிற்க வேண்டும். கணினி உத்தரவு போட, மோட்டார் தலைதெறிக்கச் சுற்றும். அந்த வேகத்தைக் கியர்பாக்ஸ் வாங்கிப் பலமாக மாற்றி நீண்ட தண்டுக்குக் கொடுக்கும். தண்டு சுழல, பல் வைத்த சட்டங்கள் ஜன்னல்களை மேலே தள்ளும். அவள் தேர்ந்தெடுத்த கியர்பாக்ஸுக்குள் ஒரு எஃகுத் திருகும் அதோடு பொருந்திய ஒரு வெண்கலச் சக்கரமும் உண்டு. திருகைச் சுற்றினால் சக்கரம் நகரும். சக்கரத்தை என்ன தள்ளினாலும் திருகு அசையாது. புயலே ஜன்னலைப் பிடித்து இழுத்தாலும் திறக்காது. பத்து ஆள் சேர்ந்து தள்ளினாலும் ஒரு நூல் நகராது என்று மேனேஜரிடம் பெருமை பேசியவள் அவள்தான்.

தள்ளியது ஒரே ஓர் ஆள். ஐந்து வாரத்துக்கு முன்பு, பூச்சிக்கு விஷப்புகை போட்ட அன்று, மேனேஜர் ஒரு மணி நேரம் முன்னதாக, மூன்று மணிக்கே வெளிக்கதவைப் பூட்டச் சொன்னார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தலையை எண்ணவில்லை. தம்பி இதே நாலாம் குடிலின் கோடி வரிசையில், லிஃப்ட் வண்டியின் மேல் நின்றிருந்தான். மின்சாரம் இல்லாதபோது கையால் சுற்றி ஜன்னலைத் திறக்க நடுக் கம்பத்தில் ஒரு ஹேண்டில் தொங்க வேண்டும். வேக்காடு தாங்காமல் ஆட்கள் அதைச் சுற்றித் திறந்துவிடுகிறார்கள் என்று மேனேஜர் அதைத் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். கதவும் இல்லை, ஹேண்டிலும் இல்லை. தம்பி வண்டியை உச்சிவரை ஏற்றி இரண்டு கையாலும் ஜன்னலைத் தள்ளியிருக்கிறான். மறுநாள் பார்த்தபோதும் கைகள் மேலேயேதான் இருந்தனவாம்.

அந்த மேனேஜர்தான் இன்று காலை போன் செய்தார். நாலாம் குடில் ஜன்னல் தினமும் மூன்று மணிக்குத் தானாகத் திறக்கிறது, உங்கள் கியர்பாக்ஸ் நழுவுகிறது, நாளைக்கு ஆய்வு அதிகாரிகள் வருகிறார்கள் என்றார். பிறகு குரலில் தேன் தடவிக்கொண்டு, அப்படியே ஒரு சின்னக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றார். ஹேண்டில் அன்று கம்பத்தில்தான் தொங்கியது என்று ஒரு வரி. அதில் கையெழுத்து விழுந்தால், ஹேண்டில் பக்கத்திலேயே இருந்தும் தூங்கிச் செத்தவன் என்று தம்பியின் பெயர் காலத்துக்கும் நிற்கும். ஏற்கெனவே அதை அம்மாவின் காதில் போட்டாயிற்று. "தூங்கிட்டானாமேடி" என்று அம்மா தினமும் கேட்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆளிடம் வாயால் பேசிப் பயனில்லை. அந்த ஹேண்டிலை அலமாரியிலிருந்து அவர் கையாலேயே எடுக்க வைத்துப் படம் பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் வந்தாள்.

குடில் அமைதியாக இருந்தது. அமைதி என்றால் முழு அமைதி அல்ல. இலை நுனிகளிலிருந்து சொட்டும் நீரும், எங்கோ குழாயில் ஊரும் காற்றும், கண்ணாடி வெயிலில் விரிந்து முனகுவதும், அதற்கெல்லாம் அடியில் குடைமிளகாய்ச் செடிகளின் பச்சை வாடையைத் தாண்டி இன்னும் போகாமல் அடித்தொண்டையில் ஒட்டும் அந்தப் புகையின் கசப்புமாக இருந்தது. இந்தச் சத்தங்களுக்கு நடுவே, தலைக்கு மேலே, தண்டு ஓடும் இடத்தில், டக் என்று ஒன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக். மூட்டையைத் தோளால் முட்டித் தள்ளுகிறவன் மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்தித் தள்ளுவானே, அந்த மாதிரி.

அவள் மோட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தாள். இனி அதைச் சந்தேகப்பட முடியாது. கியர்பாக்ஸின் மூடியைத் திறந்தாள்.

கிரீஸ் பொன்னிறமாக மின்னியது. ஒரு விரலில் தொட்டுத் தேய்த்தாள். நறநறவென்று வெண்கலப் பொடி. கண்ணாடியை நுழைத்து, டார்ச் அடித்து, பற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எந்தப் பல்லுக்கும் இரண்டு முகம் உண்டு. ஜன்னலைத் தூக்கும்போது திருகு ஒரு முகத்தில் அழுத்தும். அந்த முகம் புதிதாகவே இருந்தது. யாராவது ஜன்னலை உள்ளிருந்து தள்ளினால் மட்டுமே பாரம் விழும் எதிர் முகம், கரைந்துபோன சோப்பு வில்லை போல் பாதியாகத் தேய்ந்திருந்தது. பத்து வருடம் ராப்பகலாகத் தள்ளினாலும் இப்படித் தேயாது. ஐந்து வாரத்தில் தேய்ந்திருக்கிறது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சக்கரம் நகர்ந்தது. டக். திருகு அதற்கு இடம்கொடுத்துச் சுழன்றது. மேலே வெளிச்சக் கோடு இன்னும் ஒரு விரல் அகலமானது.

டார்ச் கையிலிருந்து விழுந்தது. முதலில் பயம்தான் வந்தது, முதுகெலும்பில் ஈரத்துணி வைத்ததுபோல. அதன் பின்னாலேயே கோபம் வந்தது. இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறான். செத்தது தெரியாமல், ஐந்து வாரமாக, ஒரு வாய் காற்றுக்காக. இவளோ எதுவும் தெரியாமல் வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கிறாள். தூங்கியது யார்?

மேனேஜர் வந்தபோது அவள் குரல் அவளுக்கே ஆச்சரியமாக நிதானமாக இருந்தது. கையால் சுற்றிப் பார்க்காமல் பழுது தெரியாது, ஹேண்டில் வேண்டும் என்றாள். அவர் சற்று யோசித்தார். நாளைய ஆய்வு அவர் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. வாங்க என்று அறைக்குக் கூட்டிப்போய், இடுப்புச் சாவிக்கொத்தில் தேடி, அலமாரியைத் திறந்தார். ஹேண்டில் கீழ்த்தட்டில் கிடந்தது. பிடியில் தம்பி சுற்றிய சிவப்பு டேப். அவர் குனிந்து எடுக்கும்போது அவள் போனில் மூன்று படம் பிடித்தாள். அலமாரி, சாவிக்கொத்து, அவர் கை. அவர் பார்க்கவில்லை. இனி அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. நாளைக் காலை அந்தப் படங்களை அதிகாரிகள் முன்னால் வைத்தால் போதும். அப்போதே கிளம்பியிருக்கலாம். ஆனால் உள்ளே ஒருவன் தள்ளிக்கொண்டிருக்கும்போது எப்படிப் போவது?

மேனேஜருக்கு வேறு சந்தேகம். யாரோ வேலைக்காரன் மேலே கட்டையை முட்டுக்கொடுத்து விளையாடுகிறான், நானே பார்க்கிறேன் என்று லிஃப்ட் வண்டியில் ஏறினார். அதே வண்டி. கழுவிக்கூட வைக்கவில்லை. அது முனகிக்கொண்டு நாலரை மீட்டர் உயர்ந்து, அவரைக் கூரைக்கு ஒரு கை தூரத்தில் நிறுத்தியது.

அவள் ஹேண்டிலை மாட்டிச் சுற்றினாள். முழுதாகத் திறக்க நூற்றிருபது சுற்று. மோட்டார் ஓடினால் எல்லையில் தானே நிற்க உள்ளே ஒரு சுவிட்ச் உண்டு. கைக்கு அப்படி எதுவும் கிடையாது. சுற்றுகிறவர்தான் எண்ண வேண்டும். முதல் பத்துச் சுற்றிலேயே தெரிந்தது, இந்தப் பாரத்தை அவள் தனியாகத் தூக்கவில்லை. எதிர்முனையில் இன்னொருவனும் தள்ளினான். நாற்பது. எண்பது. நூற்றிருபது. எண்பது மீட்டர் கூரையும் வாய் திறந்து நின்றது. குளிர்ந்த காற்று பொத்தென்று உள்ளே விழுந்து இலைகளையெல்லாம் புரட்டிப் போட்டது.

"போயிடுடா" என்றாள், உதடு அசையாமல். "அக்கா திறந்துட்டேன். வெளிய போயிடு."

டக் சத்தம் நின்றது. கசப்பு வாடை போயிருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மேலேயிருந்து மேனேஜர், கட்டையும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, மூடுங்கம்மா, சூடெல்லாம் போகுது என்றார். சரியென்று எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கினாள். பத்து. இருபது. அவர் ஜன்னல் சட்டத்தை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு லேசா அசையுது. இதைத் தள்ள முடியலையாம் அவனுக்கு" என்றார். "தூங்குமூஞ்சிப் பய. நான்னா ஒரே தள்ளுல வெளிய வந்திருப்பேன்."

அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். அறுபது. எழுபது. ஆடு நனைகிறதே என்று அழுகிற ஓநாயாவது அழுகிறது. இந்த ஆள் சிரித்தார். தொண்ணூறு. ஹேண்டில் சூடாக இருந்தது. கசப்பு வாடை திரும்பியிருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் குனிந்தாள். அவள் மூச்சிலிருந்துதான் வந்தது.

நூற்றிருபது.

ஜன்னல்கள் மூடின. நிறுத்த வேண்டும்.

நூற்றிருபத்தொன்று.

நிறுத்து என்று நினைத்தாள். கை நிற்கவில்லை. தம்பி சுற்றுகிறானோ என்று பதறிப் பார்த்தாள். சிவப்பு டேப்பின் மேல் இருந்தவை அவள் கைகள்தான். அவள் நகங்கள். நகக்கண்ணில் அவள் கிரீஸ். பக்கத்தில் யாரும் இல்லை. போயிடு என்றதும் அவன் போய்விட்டான். சுற்றுவது அவள்தான்.

கூரை முனகியது. மூடிய ஜன்னலைப் பல்சட்டங்கள் இன்னும் கீழே இழுத்தன. சின்னக் கையின் பலத்தைப் பெரும் பலமாக்குவதுதான் கியர்பாக்ஸின் வேலை. யார் கை, எதற்காக என்று அது கேட்பதில்லை. ஹேண்டில் வெண்ணெய் மாதிரி சுழன்றது. கோடியில் ஒரு கண்ணாடி வெடித்தது.

"என்னம்மா பண்றீங்க?"

படம் பையில் இருக்கிறது. விட்டுவிடு. இவர் செத்தால் நீ கொலைகாரி. கொலைகாரி காட்டும் படத்தை யார் பார்ப்பார்கள்? தம்பி தூங்கினவனாகவே நிற்பான். அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள். விடு. விடுடீ.

நூற்றிருபத்தாறு.

அவர் இறங்கும் பொத்தானை அழுத்தினார். வளைந்த சட்டம் ஒன்று வண்டியின் கைப்பிடிக் கம்பியில் சிக்கியிருந்தது. வண்டி அசையவில்லை. அவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், முதல் தடவையாக. கோடியிலிருந்து கண்ணாடிகள் ஒவ்வொன்றாக வெளுத்து, விரிசலோடி, உடைந்து விழுந்தபடி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தன. அவர் தலைக்கு மேல். அவள் தலைக்கு மேலும்தான்.

அவளுக்குப் பயமாக இருந்தது. அழுதாள். கத்தினாள். எண்ணும் குரல் மட்டும் நிற்கவில்லை.

நூற்றிருபத்தொன்பது.

மேலே அவர் இரண்டு கையையும் தூக்கி, உள்ளங்கைகளைக் கண்ணாடியில் ஒட்டி, முழு பலத்தோடு தள்ளிக்கொண்டிருந்தார். கீழே அவள் கைகள் சுற்றிக்கொண்டிருந்தன.